'என் சரித்திர'த்தில் ஏடும் அன்பும்

கொல்லங்கோட்டைச் சுற்றிலும் வயல்கள். வரப்புகளில் வரிசை வரிசையாகப் பனைகள். தெற்கே அரணாக நிற்கும் மலைத்தொடர். 1956 நவம்பர் 1ஆம் நாள் கேரள மாநிலம் அமையும்வரை இவ்வூர் சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. எல்லை மாறிய பின்னும் இங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் வீட்டுமொழி மாறவில்லை. ஆனால் பிள்ளைகளில் பெரும்பாலார் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் பயில்கின்றனர். பாட்டி பேசும் தமிழ் பேரனுக்கு விளங்குகிறது; அவள் மடியில் விரித்து வைத்திருக்கும் தமிழ்ப் புத்தகம் அவனுக்கு விளங்குவதில்லை. காது பெற்ற மொழியைக் கண் இழந்து நிற்கும் நிலை இது. தாய்நிலம் விட்டு வந்து வாழும் தமிழர் எல்லார்க்கும், பம்பாயில் இருப்பினும் பினாங்கில் இருப்பினும், இந்நிலை பொதுவானது.

ஆதலின், 'ஒரு நூலின்மீது கொண்ட காதல் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு எவ்வாறு செல்கிறது?' என்னும் வினா நமக்குக் குடும்ப வினாவாகவே ஆகிவிடுகிறது. இதற்கு விடை தேடிச் செல்வார்க்குத் தமிழில் ஒரு நூல் உண்டு. அது டாக்டர் உ. வே. சாமிநாதையர் எழுதிய 'என் சரித்திரம்'. அதனைப் பதிப்பு வரலாறாகவும், பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழகத்தின் சமூக வரலாறாகவும் ஆய்ந்தோர் பலர். அன்றாட வாழ்வில் ஒருவர்க்கொருவர் செய்துகொண்ட சிறு சிறு அன்புச் செயல்களின் கணக்காக அதனைப் படித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூலின் இயல்பு

ஐயர் 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் பிறந்தவர். 'என் சரித்திரம்' 1940ஆம் ஆண்டு 'ஆனந்த விகட'னில் தொடராக வெளிவரத் தொடங்கியபோது அவர் அகவை எண்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் அவர் மறைந்தார். சரித்திரமும் முடிவு பெறாமலே நின்றது. நூல் வடிவில் அது வெளிவந்தது 1950ஆம் ஆண்டில்.

'சீவக சிந்தாமணி'யை 1887இலும், 'பத்துப்பாட்'டை 1889இலும், 'சிலப்பதிகார'த்தை 1892இலும், 'புறநானூற்'றை 1894இலும், 'மணிமேகலை'யை 1898இலும் பதிப்பித்தளித்த ஒருவர் தம் வரலாற்றை எழுதப் புகுந்தால் தம் வெற்றிகளையே வரிசைப்படுத்துவார் என்று நாம் எதிர்பார்ப்போம். ஐயர் அவ்வாறு செய்தாரல்லர். யார் உணவளித்தார், யார் விளக்கேற்றி வைத்தார், யார் ஏடு தந்தார், யார் தர மறுத்தார், மறுத்தவரிடம் யார் பரிந்து பேசினார் என்றே அவர் நினைவு செல்கிறது. நூலைப் படித்து முடித்தபின் நம் மனத்தில் நிற்பது ஒருவருடைய புகழ் அன்று, பலருடைய முகங்கள். திருவள்ளுவர் செய்ந்நன்றியறிதலுக்குத் தனி அதிகாரம் வகுத்தார். அவ்வதிகாரத்திற்கு உரைநடையில் எழுதப்பட்ட விரிவுரை இந்நூல் எனலாம்.

தளிரைக் காட்டிய மாணவர்

நூலின் மிகச் சிறந்த பகுதிகளுள் ஒன்று 'தளிர் ஆராய்ச்சி' என்னும் தலைப்பில் அமைந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் பயிலும் பேராவலோடு இளைஞர் சாமிநாதர் மாயூரம் வந்து சேர்கிறார். ஆனால் பிள்ளையவர்கள் தாமே பாடஞ் சொல்லத் தொடங்கவில்லை. மூத்த மாணவராகிய சவேரிநாத பிள்ளையிடம் பாடங் கேட்குமாறு பணித்துவிடுகிறார். அருகிலேயே கடல் இருந்தும் நீர் அருந்த இயலாதவன் போன்ற ஏக்கம் மாணவர்க்கு. ஆசிரியரை நெருங்குவது எவ்வாறு?

பிள்ளையவர்கள் தம் வீட்டுத் தோட்டத்தில் மரஞ்செடிகள் வைத்து வளர்த்து வந்தார். நாள்தோறும் காலையில் அங்கே சென்று, எந்தச் செடி புதிதாகத் தளிர்த்திருக்கிறது என்று பார்ப்பது அவர் வழக்கம். அதனைக் கவனித்த மாணவர் அவருக்கும் முன்னதாக எழுந்து தோட்டம் முழுவதும் சுற்றி வந்து, புதுத்தளிர் தோன்றிய இடங்களை எல்லாம் பார்த்து வைத்துக்கொள்வார். ஆசிரியர் வந்ததும் ஒவ்வொன்றாகக் காட்டுவார். தளிரைக் கண்டு ஆசிரியர் முகம் மலரும். அம்மலர்ச்சியைக் கண்டு மாணவர் உள்ளம் மலரும். இவ்வாறு நாள்தோறும் நிகழ, இருவர்க்கும் இடையே இருந்த தொலைவு குறைந்தது. தாமே பாடஞ் சொல்லவேண்டும் என்ற விண்ணப்பத்தை ஆசிரியர் ஏற்கும் காலமும் வந்தது.

இப்பகுதியின் சிறப்பு அதன் நேர்மையில் இருக்கிறது. 'ஆசிரியர்மேல் கொண்ட பக்தியால் இதனைச் செய்தேன்' என்று ஐயர் பெருமை கொள்ளவில்லை. அவருடைய அன்பைப் பெறவேண்டும், அதன் வழியே பாடம் பெறவேண்டும் என்ற தம் நோக்கத்தை ஒளிக்காமல் கூறிவிடுகிறார். கைம்மாறு கருதிய செயலை அன்புச் செயல் எனலாமா என்று ஒருவர் வினவலாம். கருதித் தொடங்கியதே நாளடைவில் இயல்பாகிவிடுவதை நூல் முழுவதும் காண்கிறோம். தளிர் தேடிய கண்களே பின்னாளில் ஊர் ஊராக ஏடு தேடின. ஒருவர் எதனை விரும்புகிறார் என்று கூர்ந்து பார்த்து, அதனை அவருக்கு முன் எடுத்து வைக்கும் பழக்கம் ஓர் ஆசிரியர் வீட்டுத் தோட்டத்தில் அவருக்குப் படிந்தது.

பிள்ளையவர்களின் வள்ளன்மையும் இத்தகைய சிறு செயல்களாலேயே விளங்குகிறது. அவர் செல்வர் அல்லர். கடன் தொல்லையை நன்கு அறிந்தவர். ஆயினும் தம்மிடம் வந்தவர்க்குச் சாதி சமயம் பாராமல் பாடஞ் சொன்னார். சவேரிநாத பிள்ளை கிறித்தவர், குலாம் காதிறு நாவலர் இசுலாமியர், சாமிநாதர் அந்தணர். 1876ஆம் ஆண்டு அவ்வாசிரியரின் இறுதி வேளையில் சவேரிநாதர் அவரைத் தாங்கியிருக்க, சாமிநாதர் திருவாசகம் படித்தார் என்று காண்கிறோம். சமரசம் என்ற சொல்லை ஒருமுறையும் கூறாமலே அது கைகூடிய காட்சி அஃது.

கடுமையும் ஓர் அன்பே

அன்பு எப்போதும் இனிய சொல்லாகவே வரும் என்று எண்ணுதல் தவறு. 1880ஆம் ஆண்டில் தியாகராச செட்டியார் தாம் வகித்து வந்த கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் பதவி தமக்குப் பின் சாமிநாதருக்குக் கிடைக்குமாறு செய்தார். தம்மோடு ஓர் ஆசிரியரிடம் பயின்ற இளையவரைத் தம் இடத்தில் அமர்த்துவது பெருந்தன்மை. அவ்வாண்டிலேயே நிகழ்ந்த மற்றொரு நிகழ்ச்சியில் பெருந்தன்மை வேறு உருவம் கொண்டு வருகிறது.

அக்டோபர் 21ஆம் நாள், கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காண ஐயர் செல்கிறார். என்னென்ன நூல்கள் படித்தீர்கள் என்று முதலியார் கேட்கிறார். அந்தாதிகள், கோவைகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் என்று நீண்ட பட்டியலை ஐயர் கூறுகிறார். முதலியார் வியப்படையவில்லை. அவற்றாலெல்லாம் என்ன பயன் என்பது போலப் பேசுகிறார். சிந்தாமணியும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் படித்ததுண்டா என்று கேட்கிறார். பெரும்புலவரின் மாணவர் என்ற பெருமிதத்தோடு சென்றவர்க்கு அவ்வினா எவ்வளவு சுட்டிருக்கும்! ஆனால் முதலியார் வினாவோடு நிறுத்தவில்லை. தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியைக் கொடுத்தார். உடனிருந்து படித்தும் கேட்டும் வந்தார்.

இங்கே நாம் கருதவேண்டியது ஒன்று உண்டு. குறை கூறிவிட்டுக் கை கழுவியிருந்தால் அது செருக்கு. வெறுமனே புகழ்ந்து அனுப்பியிருந்தால் அது முகமன். குறையைக் காட்டிய அதே கையால் நூலையும் நீட்டியதனால் அஃது அன்பாயிற்று. ஒரு மாலைப்பொழுதின் உரையாடலும் இரவல் தந்த ஒரு நூலும் சேர்ந்து தமிழிலக்கிய வரலாற்றின் போக்கையே மாற்றின. அறுபது ஆண்டுகள் கடந்தும் அந்நாளை நாள் குறித்து எழுதும் ஐயர், தமக்கு நேர்ந்த மனச்சுருக்கத்தையும் மறைக்கவில்லை. முதலியார்க்குத் தாம் பட்ட கடனையும் மறக்கவில்லை.

சிந்தாமணி சமண காப்பியம். அதன் சமயச் செய்திகள் சைவ மரபில் வளர்ந்த ஐயர்க்கு விளங்கவில்லை. கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்குச் சென்று ஐயம் கேட்கிறார். தம் சமயத்தைச் சாராத ஒருவர் தம் நூலைக் கற்க வந்தபோது அவர்கள் கதவடைக்கவில்லை; தாம் அறிந்ததை மகிழ்ச்சியோடு சொல்லிக் கொடுத்தனர். அவர்கள் திண்ணையில் பெற்ற விளக்கங்கள் அப்பதிப்பிற்கு உரம் ஆயின.

நிலவொளியில் வந்த ஏடு

பத்துப்பாட்டு ஏடு தேடி ஐயர் திருநெல்வேலிச் சீமை முழுவதும் அலைந்த பகுதி, கதையினும் சுவையாகச் செல்வது. ஆழ்வார்திருநகரியில் இலக்குமண கவிராயர் வீட்டில் பல சுவடிகளைப் பார்த்தும் தேடியது கிடைக்கவில்லை. ஐயர் மனம் சோர்ந்திருக்கிறார். அப்போது கவிராயர், தம் மாமனார் வீட்டிலும் சுவடிகள் உண்டென்று நினைந்து, இரு வீட்டார்க்கும் இடையே இருந்த மனவேற்றுமையையும் பாராமல் அங்கே சென்று ஒரு சுவடியைக் கொண்டுவருகிறார். கோயில் விழா நடக்கும் இரவு அது. தெருவில் நின்றபடியே நிலவொளியில் ஏட்டைப் பிரித்த ஐயர் கண்ணில் 'முல்லைப்பாட்டு' என்ற பெயர் படுகிறது.

ஏடு கிடைத்த மகிழ்ச்சியையே இவ்விடத்தில் எல்லாரும் பாராட்டுவர். கவிராயர் மாமனார் வீட்டு வாயிலில் நின்ற அந்த நொடியையும் நாம் நினைத்துப் பார்க்கவேண்டும். பேச்சு குறைந்துபோன உறவினரிடம் சென்று ஒன்று கேட்பது எவ்வளவு அரிது என்பது குடும்பத்தில் வாழும் நம் அனைவர்க்கும் தெரியும். தமக்காக அவர் அப்படிச் செல்லவில்லை. வந்த விருந்தினரின் புத்தக வேட்கைக்காகச் சென்றார். பத்துப்பாட்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அவர் நடந்த அச்சிறு தொலைவும் நம் நினைவுக்கு வரவேண்டும்.

இதற்கு மறுபுறமும் நூலில் உண்டு. கரிவலம்வந்தநல்லூரில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து நெருப்பில் இட்டுவிட்ட செய்தியைக் கேட்டு ஐயர் துடித்துப் போகிறார். ஆற்றுவெள்ளத்தில் சுவடிகளை விட்டோரும் உண்டு. இவர்கள் தமிழின் பகைவர் அல்லர். சாத்திரப்படி செய்வதாகவே எண்ணினர். பக்கத்தில் இருந்தவர் எவரேனும், 'இஃது என்ன நூல்?' என்று ஒருமுறை கேட்டிருந்தால் போதும். அந்தச் சிறு அக்கறை இல்லாத இடத்தில் ஏடு சாம்பலாயிற்று.

நூல் சொல்லாது விட்டவை

குறை காணாத திறனாய்வு நிறைவுடையதாகாது. 'என் சரித்திர'த்தில் நன்றி பெறுவோர் பெரும்பாலும் ஆடவர். ஊர் ஊராகச் சென்ற ஐயர்க்கும் அவர் தந்தையார்க்கும் உணவு சமைத்தளித்த பெண்கள் பலர் பெயரின்றியே மறைந்துவிடுகின்றனர். வீட்டுத் தலைவர் பெயர் இருக்கும். அடுப்படியில் நின்றவர் பெயர் இராது. மனிதர் பெயரை இத்துணை நுட்பமாக நினைவு வைத்திருந்த ஒருவர் எழுத்தில் இது நம் கண்ணை உறுத்துகிறது. அக்காலத்து வழக்கம் அது என்று அமைதி கூறலாம். ஆயினும் இழப்பு இழப்பே.

மற்றொன்று: ஆசிரியரோடு ஒன்றாய்ப் பாடம் கேட்ட மாணவர் அவரோடு ஒன்றாய் அமர்ந்து உண்ணவில்லை. மாணவரின் உணவுக்கு வேறிடத்தில் ஏற்பாடு செய்யவேண்டியிருந்தது. ஏட்டைத் தடையின்றிப் பகிர்ந்த அன்பு இலையைப் பகிரவில்லை. ஐயர் இதனை வினவுவதில்லை. உள்ளது உள்ளபடி கூறிச் செல்கிறார். இன்று படிக்கும் நாம் அதனை வினவியே ஆகவேண்டும். நூற்காதல் மனிதரை எவ்வளவு தூரம் அழைத்துச் சென்றது, எந்த வாயிலில் அவர்களை நிறுத்திவிட்டது என்ற இரண்டையும் காட்டுவதனாலேயே இந்நூல் நம்பத்தக்கதாகிறது.

உரைநடையைப் பற்றியும் ஒரு சொல். ஐயர் உவமைகளை அடுக்குவதில்லை, உணர்ச்சியை மிகைப்படுத்துவதில்லை. பெயர், ஊர், நாள், நிகழ்ந்தது என்று எளிமையாகச் சொல்லிச் செல்வார். சிறிய உதவியைச் சிறிய சொற்களால் கூறும் அடக்கம் அந்நடைக்கு உண்டு. தம் ஆசிரியர்க்கோ 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகமாகத் தனி வரலாறே எழுதினார். பெற்ற அன்பை எழுத்தால் திருப்பிச் செலுத்தியவர் அவர்.

நம்மூர்க் கவிஞர் ஒருவர்

இங்கே கொல்லங்கோட்டோடு தொடர்புடைய மற்றொரு தன்வரலாற்றை அருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும். இவ்வூர் அரசர் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றிய மலையாள மகாகவி பி. குஞ்ஞிராமன் நாயர் 1905ஆம் ஆண்டு வடகேரளத்து வெள்ளிக்கோத்தில் பிறந்தவர். பட்டாம்பியில் புன்னசேரி நம்பி நீலகண்ட சர்மாவின் கல்விக்கூடத்தில் வடமொழி பயின்றவர். பிள்ளையவர்களைப் போலவே புன்னசேரி நம்பியும் சாதி பாராமல் கற்பித்த பெருந்தகை. கவிஞருக்கு 1967ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமிப் பரிசை ஈட்டித் தந்த நூல் 'தாமரத்தோணி'. 1978ஆம் ஆண்டு அவர் மறைந்தார். 'கவியுடெ கால்பாடுகள்' என்பது அவருடைய தன்வரலாறு. 'கவியின் காலடித் தடங்கள்' என்று நாம் அதனைத் தமிழாக்கலாம்.

கவிதையின்மீது அவர் கொண்ட காதலுக்கு எல்லையில்லை. ஆனால் அக்காதல் அவரை ஓரிடத்தில் நிலைத்திருக்க விடவில்லை. ஊர் ஊராக அலைய வைத்தது. இல்லத்தார்க்குச் செய்யத் தவறியவற்றை எண்ணி எண்ணி வருந்தும் குரல் அந்நூல் முழுவதும் ஒலிக்கிறது. 'களியச்சன்' என்னும் அவருடைய புகழ்பெற்ற கவிதையும், ஆசானின் அன்பை இழந்த கதகளி நடிகன் ஒருவனின் கழிவிரக்கத்தைப் பாடுவதே ஆகும்.

இரு நூல்களும் உயர்ந்தவையே. ஒன்று பெற்ற அன்பின் கணக்கு. மற்றொன்று கொடுக்கத் தவறிய அன்பின் கணக்கு. கலைப்பற்று மட்டும் மனிதனை நல்லவனாக்கிவிடாது என்பதை நம் கவிஞர் தம் குறையையே சான்றாக வைத்து ஒப்புக்கொண்டார். அவ்வாய்மைக்காக அவரை வணங்குகிறோம். அப்பற்று அன்றாடச் செயலில் இறங்கும்போது அது தலைமுறை கடந்து செல்லும் என்பதை ஐயரின் நூல் காட்டுகிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் படிப்பவர்க்கே பாடம் முழுமையாகும்.

நமக்குரிய பாடம்

கேரள மண்ணில் நூலக இயக்கத்தை வளர்த்த பி. என். பணிக்கரின் நினைவாக ஆண்டுதோறும் ஜூன் 19ஆம் நாள் வாசிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1945ஆம் ஆண்டு நாற்பத்தேழு நூலகங்களோடு தொடங்கிய அவ்வியக்கத்தின் பயனை இங்கு வாழும் தமிழராகிய நாமும் பெறுகிறோம். ஆனால் நூலகம் கதவைத் திறந்து வைக்கும். கைப்பிடித்து உள்ளே அழைத்துச் செல்ல மனிதர் வேண்டும்.

தமிழ் எழுத்தறியாப் பிள்ளையிடம், 'தாய்மொழி படிக்கத் தெரியவில்லையே' என்று இடித்துரைத்தல் எளிது. இராமசாமி முதலியாரைப் போல இடித்துரைத்தபின் நூலையும் நீட்டி, உடன் அமர்ந்து படிப்பார் யார்? இரவு உணவுக்குப் பின் கால் மணி நேரம் பாட்டி படிக்கப் பேரன் கேட்கட்டும். அவன் தன் பள்ளிப் பாடத்திலுள்ள மலையாளக் கவிதை ஒன்றைப் பாட்டிக்குப் படித்துக் காட்டட்டும். அண்டை வீட்டு முதியவர்க்குக் கண்பார்வை மங்கியிருந்தால் வாரம் ஒருநாள் சென்று படித்துக் காட்டலாம். இரவல் வாங்கிய நூலை உரிய காலத்தில் உறையிட்டுத் திருப்பித் தரலாம். சமையலறையில் நிற்பவரையும் அழைத்து அமரச் செய்தபின் வாசிப்பைத் தொடங்கலாம். ஐயரின் நூல் விட்ட குறையை நம் வீட்டிலேனும் நாம் நிறைவு செய்யலாம்.

இவை மிகச் சிறிய செயல்கள். எந்தச் சங்கத்தின் ஆண்டறிக்கையிலும் இடம் பெறாதவை. ஆனால் நாம் இன்று போற்றும் பெருநூல்கள் இத்தகைய செயல்களின் வழியாகவே நம்மை வந்தடைந்தன. மாயூரத்துத் தோட்டத்தில் ஒரு மாணவர் நாள்தோறும் வைகறையில் எழுந்து ஆசிரியர்க்குத் தளிரைக் காட்டினார். நம் வீட்டிலும் தளிர்கள் உண்டு. அவற்றைக் கண்டு காட்டுவதற்கு யாரேனும் ஒருவர் சற்று முன்னதாக எழவேண்டும்.